கணினியின் நினைவும் கற்றோர் வாதமும்

கணினியின் விரைவைக் கண்டு வியவாதார் இலர். கண் இமைக்கும் பொழுதில் அது கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்து முடிக்கின்றது. ஆயினும், அவ்விரைவு முழுவதும் ஓர் எளிய செய்தியைச் சார்ந்தே நிற்கின்றது. கணக்கிடும் உறுப்பாகிய செயலிக்கு வேண்டிய எண்ணும் கட்டளையும் வேண்டிய நொடியில் அதன் அருகே இருத்தல் வேண்டும் என்பதே அச்செய்தி. அருகில் இல்லையெனின், எத்துணை விரைவுடைய செயலியும் கைகட்டிக் காத்து நிற்க வேண்டுவதுதான்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மாணவன் ஒருவன் பெரிய நூலகத்தில் அமர்ந்து கட்டுரை எழுதுகின்றான். அவன் முன் உள்ள மேசை சிறியது. மூன்று அல்லது நான்கு நூல்களை மட்டுமே அதில் விரித்து வைக்கலாம். ஏனைய நூல்கள் தொலைவிலுள்ள அலமாரிகளில் இருக்கின்றன. மேசைமேல் உள்ள நூலை அவன் உடனே புரட்டிப் பார்க்கலாம். அலமாரியில் உள்ளதாயின், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்று எடுத்து வருதல் வேண்டும். மேசையிலும் இடமில்லையாயின், விரித்த நூல்களுள் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டே புதியதைக் கொணர இயலும். எந்த நூலைத் திருப்பி வைப்பது? இப்பொழுது திருப்பி வைத்த நூலே அடுத்த நொடியில் வேண்டியதாகிவிட்டால் வந்த வழியே மீண்டும் நடக்க வேண்டும் அல்லவா?

கணினியின் நிலையும் இதுவே. செயலியின் அருகிலுள்ள முதன்மை நினைவகம் மேசை போன்றது. விரைவுடையது, ஆனால் சிறியது. அதற்கு அப்பால் உள்ள துணைச் சேமிப்பகம் அலமாரி போன்றது. பெரியது, ஆனால் மெதுவானது. எதனை அருகில் வைப்பது, எதனை அகற்றுவது என்று தெரிந்து ஒழுங்கு செய்வதே நினைவக மேலாண்மை எனப்படும். இவ்வொழுங்கை மனிதன் செய்வதா, பொறியே செய்துகொள்வதா என்பது பற்றி 1960-களில் அறிஞர்களிடையே நீண்டதொரு வாதம் நிகழ்ந்தது. அவ்வாதம் முடிவு கண்ட முறை, கணினி பயில்வார்க்கு மட்டுமன்றிக் கருத்து வேறுபடும் எல்லார்க்கும் பயன்படுவதாகும்.

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர் என்னும் நகரம் உண்டு. நூற்பாலைகளால் பெயர் பெற்ற அந்நகரத்தின் பல்கலைக்கழகத்தில், பிரெடரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெப் டூட்டில் என்னும் மூவரும் சேர்ந்து ஒரு சிறு பொறியை அமைத்தனர். தன் நினைவகத்திலேயே கட்டளைகளைத் தாங்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிய முதல் மின்னணுக் கணினி அதுவே. 1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு கணக்கைச் செய்து முடித்தது. அக்கணக்கிற்குரிய கட்டளைகள் பதினேழே. 2,62,144 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களுள், அதனினும் சிறியனவற்றில் மிகப் பெரியது யாது என்று காண்பதே கணக்கு. பொறி ஏறக்குறைய 52 நிமிடங்கள் உழைத்து, 1,31,072 என்று விடை தந்தது. அதன் நினைவகத்தில் 32 இடங்களே இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் 32 இருமக் குறிகள் அடங்கின. ஆகமொத்தம் 1,024 குறிகள்! இப்பாடத்தின் ஒரு பத்தியைக்கூட அதனுள் வைத்தல் இயலாது.

சிறிய நினைவகம் போதாமை விரைவில் புலனாயிற்று. ஆதலின், அதனைப் பின்தொடர்ந்து மான்செஸ்டரில் உருவான கணினிகளில் சுழலும் காந்த உருளை ஒன்று துணைச் சேமிப்பகமாகச் சேர்க்கப்பட்டது. நினைவகத்தில் ஒரு முறைக்குக் கொள்ளும் அளவை அவர்கள் 'பக்கம்' என்று வழங்கினர். உருளையில் பல பக்கங்கள் காத்திருந்தன. வேண்டிய பக்கத்தை உருளையிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றுதலும், வேண்டாத பக்கத்தை மீண்டும் உருளைக்கு அனுப்புதலும் நிரல் எழுதுவோர் கடமையாயின.

அக்கடமை எளியதன்று. கணக்கின் வழியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அவ்வழியைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்தத் துண்டு எப்பொழுது எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுப்பது மற்றொரு வேலை. வானிலையை ஆராய வந்த அறிஞரும், பாலம் கட்டுவதற்குரிய கணக்கைப் போட வந்த பொறியாளரும் தத்தம் துறையை விட்டுவிட்டுப் பக்கங்களைச் சுமக்கும் கூலியாட்களாயினர். ஒரு துண்டு தவறான இடத்தில் ஏற்றப்படின், கணக்கு முழுவதும் பாழாகும். பொறியின் நினைவகம் மாறினால், வகுத்ததையெல்லாம் அழித்துப் புதிதாக வகுத்தல் வேண்டும்.

இத்தொல்லையைப் பொறியே ஏற்றுக்கொள்ளுமாறு செய்தல் இயலாதா என்று கில்பர்ன் குழுவினர் எண்ணினர். ஜெர்மனி நாட்டில் குந்த்ச் என்பார் 1956-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இத்தகைய கருத்தொன்றை விளக்கியிருந்தார். மான்செஸ்டரில் அக்கருத்துப் பொறியாகவே உருப்பெற்றது. பல்கலைக்கழகமும் பெராண்டி என்னும் நிறுவனமும் கூடி உருவாக்கிய அப்பொறியின் பெயர் அட்லஸ். அது 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. உருளைகள் 98,304 சொற்களைக் கொண்டன. ஈண்டுச் சொல் என்பது 48 இருமக் குறிகள் சேர்ந்த ஒரு தொகுதியாகும். 512 சொற்கள் ஒரு பக்கம். எனவே, மேசையில் 32 பக்கங்களுக்கும், அலமாரியில் 192 பக்கங்களுக்கும் இடமிருந்தது.

அட்லஸின் சிறப்பு யாதெனின், நிரல் எழுதுவோர்க்கு மேசை வேறு, அலமாரி வேறு என்னும் வேறுபாடே தோன்றாதவாறு அது செய்தமையாகும். தம்முன் பரந்ததொரு நினைவகம் இருப்பதாகவே அவர்கள் கருதி எழுதினர். நினைவகத்தின் 32 இடங்களுக்கும் ஒவ்வொரு பெயர்ப்பலகை இருந்தது. 'இவ்விடத்தில் இன்ன பக்கம் உள்ளது' என்று அது கூறும். செயலி ஒரு சொல்லைக் கேட்டவுடன், 32 பலகைகளும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். பக்கம் அங்கிருப்பின், வேலை தடையின்றி நடைபெறும். இல்லையெனின், வேலை நிறுத்தப்பட்டு, மேற்பார்வை நிரல் எனப்படும் காவலன் விழித்தெழுவான். அவன் அப்பக்கத்தை உருளையிலிருந்து கொணர்ந்து வைத்த பின்னர், நின்ற இடத்திலிருந்தே வேலை தொடரும். வருகின்ற பக்கத்திற்காக எப்பொழுதும் ஓரிடத்தை வெறுமையாக வைத்திருப்பதும் அக்காவலன் வழக்கம்.

எப்பக்கத்தை வெளியேற்றுவது என்று முடிவு செய்யவும் ஒரு சிறு நிரல் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்பொழுது தொடப்பட்டது, அதற்கு முன்னர் எவ்வளவு காலம் தொடப்படாமல் கிடந்தது என்பவற்றை அது குறித்து வைத்துக்கொண்டு, இனி நெடுநேரம் வேண்டப்படாது என்று தோன்றும் பக்கத்தைத் தெரிந்தெடுக்கும். கடந்ததைக் கொண்டு வருவதை உய்த்துணரும் இம்முறை கற்கும் நிரல் என்று அழைக்கப்பட்டது. கில்பர்ன், எட்வர்ட்ஸ், லானிகன், சம்னர் ஆகிய நால்வரும் 1962-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இவ்வமைப்பினை ஒருநிலைச் சேமிப்பகம் என்று பெயரிட்டு விளக்கினர். பிற்காலத்தார் இதனை மெய்நிகர் நினைவகம் என வழங்கலாயினர்.

இனி, இம்முறையில் ஓர் இடரும் உண்டு. அட்லஸின் முதன்மை நினைவகத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு மைக்ரோ நொடி ஆகும். ஒரு மைக்ரோ நொடியாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உருளையில் உள்ளதை எடுக்கவோ, அது சுழன்று வரும் வரை சராசரியாக ஆறாயிரம் மைக்ரோ நொடி காத்திருத்தல் வேண்டும். அஃதாவது மூவாயிரம் மடங்கு. மேசைமேல் உள்ள நூலைப் பார்க்க ஒரு நொடி ஆகுமாயின், அலமாரிக்குச் சென்று வர ஐம்பது நிமிடங்கள் ஆகும் என்பது பொருள். இத்தகைய நடைகள் அரியனவாக இருக்கும் வரையில் தீங்கில்லை. மிகுந்துவிட்டால், விரைந்த பொறியும் நத்தையாகிவிடும்.

இவ்விடத்தில்தான் அறிஞர்கள் இரு பிரிவாயினர். ஒரு சாரார் கூறியதாவது: "நிரலை எழுதியவனுக்கே அதன் போக்குத் தெரியும். அடுத்து எப்பக்கம் வேண்டும் என்பதை அவன் அறிவான். பொறியோ கடந்ததை மட்டுமே அறியும், வருவதை அறியாது. அறியாத ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தல் விலையுயர்ந்த கணினியை வீணாக்குவதாகும்." மற்றொரு சாரார் கூறியதாவது: "நிரல்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன, பலர் கூடி எழுதுகின்றனர். ஒருவர்க்கும் முழுப்போக்குத் தெரியாத நிலை வந்துவிட்டது. மேலும், ஒரே பொறியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும்பொழுது, தனக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை எழுதுபவன் முன்னரே அறிவது எங்ஙனம்? மனிதன் உழைப்பும் விலையுயர்ந்ததன்றோ?" இரு சாரார் கூற்றிலும் உண்மை இருந்தது. அதனாலேயே வாதம் எளிதில் தீரவில்லை.

இதற்கிடையே, முன்னவர் அஞ்சியதே நடந்தது போன்றதொரு நிகழ்ச்சியும் காணப்பட்டது. பல நிரல்களை ஒருங்கே ஏற்றிய சில பொறிகள் ஓரளவு வரை நன்றாக உழைத்தன. அதற்குமேல் ஒரு நிரலைச் சேர்த்தவுடன் திடீரென்று தளர்ந்து விழுந்தன. செயலி வாளா இருந்தது. பக்கங்களோ ஓயாமல் வந்தும் போயும் கொண்டிருந்தன. ஒரே மேசையில் பத்துப் பேர் அமர்ந்து, ஒருவர் விரித்த நூலை மற்றவர் மூடி அனுப்ப, அவர் மீண்டும் போய் எடுத்துவர, எழுதுவார் ஒருவரும் இன்றி நடப்பார் மட்டுமே மிஞ்சிய நிலை அது. இதனை வீணலைச்சல் எனலாம்.

பீட்டர் டென்னிங் என்னும் இளைஞர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். 1968-ஆம் ஆண்டில் அவர் இந்நோயின் காரணத்தையும் மருந்தையும் எடுத்துரைத்தார். எந்த நிரலும் தன் பக்கங்கள் அனைத்தையும் எப்பொழுதும் தொடுவதில்லை. ஒவ்வொரு காலப் பகுதியிலும் ஒரு சிறு தொகுதியையே திரும்பத் திரும்பத் தொடுகின்றது. சமையல் செய்பவர் வீட்டிலுள்ள எல்லாப் பொருள்களையும் அல்லாமல், அடுப்பருகே வைத்த சிலவற்றையே எடுத்தெடுத்துப் பயன்படுத்துவது போன்றதே இதுவும். அண்மைக் காலத்தில் தொடப்பட்ட பக்கங்களின் தொகுதியை அவர் பணித்தொகுதி என்று கொண்டார். ஒரு நிரலின் பணித்தொகுதிக்கு இடமிருந்தால் மட்டுமே அதனை ஓடவிடுதல் வேண்டும். இல்லையெனின், அது தன் முறை வரும் வரை காத்திருத்தலே நன்று. பத்துப் பேரை ஒருங்கே அமர்த்தி ஒருவரையும் எழுதவிடாமற் செய்வதினும், மூவரை எழுதவிட்டு எழுவரைக் காத்திருக்கச் செய்தல் எல்லார்க்கும் விரைவில் பயன் தரும் என்பதே அவர் கண்ட முடிவு.

தருக்க நூலார் வாதத்தை மூவகையாகப் பகுப்பர். உண்மையை அறிதற்பொருட்டு இருவரும் கூடி ஆராய்வது வாதம். வெல்லுதல் ஒன்றையே கருதிப் பேசுவது சல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் கூற்றைக் குலைப்பதே நோக்கமாகக் கொள்வது விதண்டை. நினைவகம் பற்றிய வழக்கு இரண்டாவது வகையாகச் சீரழிந்திருக்கக்கூடும். பொறியே செய்க என்பார்க்கும், மனிதனே செய்க என்பார்க்கும் தத்தம் ஆண்டுக்கணக்கான உழைப்பு அதில் அடங்கியிருந்தது. அது முதல் வகையாகவே முடிவெய்தியதற்கு டேவிட் சேயர் என்பார் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை பெருந்துணை செய்தது.

சேயர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பாக ஒரு முடிவைச் சூட்டவில்லை. ஒரு வினாவையே சூட்டினார். பொறியே நிரலை மடித்துக்கொள்ளும் முறை, கையால் மடிக்கும் முறையை அகற்றும் அளவிற்குத் திறமுடையதா என்பதே அவ்வினா. பெரிய துணியைச் சிறிய பெட்டிக்குள் மடித்து வைப்பதுபோல் பெரிய நிரலைச் சிறிய நினைவகத்துள் அடக்குவதனை மடித்தல் என்றார். வாதத்திற்குரிய சொல்லை இங்ஙனம் முதலில் தெளிவாக்கிக்கொண்டமையால், ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றை மறுக்கும் குழப்பத்திற்கு இடமில்லாது போயிற்று.

அடுத்து, அவர் தம் கருத்தைச் சான்றாகக் காட்டவில்லை. அளந்து கண்ட கணக்குகளைக் காட்டினார். அக்கணக்குகளை எடுத்தோர் பிரவுன் குழுவினரும் நெல்சனும் என்றும், அளக்கப்பட்ட கருவியை அமைத்தோர் பெலாடி, நெல்சன், ஓநீல் முதலியோர் என்றும் கட்டுரையின் முகப்பிலேயே அறிவித்தார். பிறர் உழைப்பின் பயனை எடுத்தாளும்பொழுது அதனை அவர் பெயராலேயே கூறுதல் கற்றோர்க்குரிய நேர்மை. அந்நேர்மை கேட்பார் நம்பிக்கைக்கும் வித்தாகும். ஐயமுடையார் அளந்தவரையே அணுகித் தெளிந்துகொள்ளலாம் அல்லவா?

அவர் கண்ட முடிவு யாது? சற்றே கவனத்தோடு பயன்படுத்தினால், சோதித்த நிலைமைகளில் பொறியின் மடிப்பு மனநிறைவு தருமாறு வேலை செய்கின்றது என்பதே. இவ்வாக்கியத்திலுள்ள இரு வரம்புகளை உற்று நோக்குதல் வேண்டும். 'சற்றே கவனத்தோடு' என்றமையால், நிரல் எழுதுவோரின் திறமைக்கும் இடமுண்டு என எதிர்த்தரப்பார் கூற்றிலுள்ள உண்மையை அவர் ஒப்புக்கொண்டார். 'சோதித்த நிலைமைகளில்' என்றமையால், தாம் காணாததைக் கண்டதாகக் கூறாது விடுத்தார். வரம்பு கட்டிச் சொன்ன முடிவு வலிமை குன்றியது எனச் சிலர் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. மிகைப்படுத்திய கூற்றை ஒரே எடுத்துக்காட்டு வீழ்த்திவிடும். வரம்புடைய கூற்றோ காலத்தை வென்று நிற்கும்.

நமக்கு ஐயமின்றித் தெரியும் என்று நாம் கருதுவதும் பொய்க்கலாம் என்பதற்கு அதே 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு கண்டுபிடிப்புச் சான்றாகும். மேசை பெரிதானால் அலமாரிக்கு நடக்கும் நடை குறையும் என்பதில் யார்க்கேனும் ஐயம் எழுமா? எழாது. ஆயினும் பெலாடி, நெல்சன், ஷெட்லர் ஆகிய மூவரும் அங்ஙனம் அன்றி நடை கூடும் நிலையும் உண்டு என்று காட்டினர். பாடநூல்களில் வழங்கும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஐந்து நூல்கள் உள்ளன. அவை 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்னும் வரிசையில் வேண்டப்படுகின்றன. இடமில்லாதபொழுது, முன்னே வந்த நூல் முன்னே செல்ல வேண்டும் என்பது விதி. மேசையில் மூன்று நூல்களுக்கே இடமிருப்பின், முதல் ஏழு வேண்டுகோளுக்கும் ஏழு முறை நடக்க வேண்டியிருக்கும். அப்பொழுது மேசையில் இருப்பவை 1, 2, 5. அடுத்து வேண்டப்படும் 1-உம் 2-உம் கைக்கெட்டுகின்றன. 3-க்கும் 4-க்கும் இரு நடை. கடைசியாக வேண்டப்படும் 5 மேசையிலேயே உள்ளது. ஆக ஒன்பது நடைகள். இனி, மேசையைப் பெரிதாக்கி நான்கு நூல்களுக்கு இடம் தருவோம். முதல் நான்கிற்கு நான்கு நடைகள். அடுத்த 1-உம் 2-உம் மேசையிலேயே உள்ளன. 5 வரும்பொழுது 1 வெளியேறுகின்றது. உடனே 1 வேண்டப்படுகின்றது. அது வரும்பொழுது 2 வெளியேறுகின்றது. உடனே 2 வேண்டப்படுகின்றது. இங்ஙனமே இறுதி வரை, அப்பொழுதுதான் அனுப்பிய நூலே அடுத்து வேண்டியதாகின்றது. எண்ணிப் பார்த்தால் பத்து நடைகள்! மேசை பெரிதாயிற்று, நடையும் கூடிற்று.

நெடுநேரம் தொடப்படாத நூல் முன்னே செல்க என்று விதியை மாற்றினால் இவ்விந்தை ஒருபொழுதும் நேராது. மாட்சன் முதலிய நால்வர் 1970-ஆம் ஆண்டில் அத்தகைய விதிகளின் இயல்பை விளக்கிக் காட்டினர். இவ்வாறு, ஒருவர் கண்ட புதிர்க்கு மற்றொருவர் விடை காண, அவ்விடையின்மேல் வேறொருவர் அடுத்த படியைக் கட்ட, அறிவு வளர்ந்தது. புதிரைக் கூறியவரைக் 'கணக்கறியாதவர்' என்று எள்ளி நகையாடியிருந்தால் அந்தப் படிகளுள் ஒன்றும் எழுந்திராது.

இவற்றால், நுட்பப் பொருள் பற்றி உரையாடுவார் கொள்ள வேண்டிய நெறிகள் சில விளங்குகின்றன. ஐயம் கேட்பவர் 'என் கணினி மெதுவாக உள்ளது' என்று மட்டும் கூறுதல் போதாது. எத்தகைய பொறி, நினைவகம் எவ்வளவு, எதைச் செய்தபொழுது மெதுவாயிற்று, எதிர்பார்த்தது யாது, கண்டது யாது, சரிசெய்ய முயன்றவை எவை என்பவற்றை முறையாகக் கூறுதல் வேண்டும். அது கேட்பவர், விடை கூறுவாரின் காலத்திற்குச் செய்யும் மரியாதையாகும். விடை கூறுபவரும், 'இதுகூடத் தெரியாதா?' என்று தொடங்குதல் ஆகாது. அச்சொல் கேட்டவரை மட்டுமன்று, அதே ஐயத்தை உள்ளத்தில் அடக்கிக்கொண்டு அருகில் நிற்கும் பத்துப் பேரையும் ஊமையராக்கிவிடும். மறுப்பவர், முதலில் எதிராளியின் கூற்றை அவரே 'ஆம், இதனையே கூறினேன்' என்று ஒப்புமாறு எடுத்துரைத்து, அதன்பின் மறுத்தல் வேண்டும். மறுப்புப் பொருளைச் சாரவேண்டுமேயன்றி ஆளைச் சாரலாகாது. அளக்கக்கூடியதை அளந்து காட்டல் வேண்டும். அளவு தமக்கு மாறாக வரின், தயங்காது ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

பணிவு என்பது வாதத்திற்கு மேலே பூசும் வண்ணம் அன்று. அது வாதத்தின் உறுப்பேயாகும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் அவை, பல நிரல்களை ஏற்றிக்கொண்டு வீணலைச்சலில் ஆழ்ந்த பொறியை ஒக்கும்; ஓசை மிகும், வேலை நடவாது. ஒருவர் கூறி முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பின், ஒவ்வொரு கருத்திற்கும் வேண்டிய இடம் கிடைக்கின்றது. அவை விரைவில் முடிவு காண்கின்றது.

மெய்நிகர் நினைவகம் வழக்கமானதோர் உறுப்பாகிவிடும் என்று சேயர் தம் கட்டுரை முடிவில் கருதினார். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைக் கணினிகளில் அதனைச் சேர்ப்பதாக அறிவித்தது. இன்று மேசைக் கணினி முதல் கையிலுள்ள பேசி வரை எங்கும் அது நிலவுகின்றது. ஒரு நிரல் மற்றொரு நிரலின் பக்கங்களைத் தொட்டுக் கெடுக்காதவாறு காப்பதும் இன்று அதன் கடமைகளுள் ஒன்று. எனினும், எதிர்த்தரப்பாரும் முற்றும் தோற்றுவிட்டனர் எனல் பொருந்தாது. காலந்தவறாது இயங்க வேண்டிய பல சிறு கருவிகளில், நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் நிரலரே வகுத்து எழுதும் முறை இன்றும் உள்ளது. பெரிய நிரல்களிலும், அடுத்தடுத்துத் தொடும் செய்திகளை அருகருகே வைத்து எழுதும் நிரலரின் நிரலே விரைந்து ஓடுகின்றது. 'சற்றே கவனம்' என்று சேயர் இட்ட வரம்பு இன்றளவும் பொய்க்கவில்லை.

1948-ஆம் ஆண்டில் 32 இடங்களோடு தொடங்கிய பொறி இன்று கோடானுகோடி இடங்களோடு விளங்குகின்றது. எனினும், மேசை எத்துணைப் பெரிதாயினும் நூலகம் அதனினும் பெரிதாகவே இருக்கின்றது. ஆகவே, எதை அருகில் வைப்பது, எதை விடுவது என்னும் வினா என்றும் உண்டு. அதன்மேல் வாதமும் என்றும் உண்டு. அவ்வாதங்களில் கலந்துகொள்ளப் போகும் இளைஞர்கள், வெற்றியை வேண்டாது உண்மையை வேண்டி, சொல்லைத் தெளிவாக்கி, பிறர் உழைப்பைப் போற்றி, அளந்து அறிந்ததை வரம்போடு உரைப்பாராயின், அவர்தம் அறிவும் வளரும். அவர்களோடு வாதிட்டார் அறிவும் வளரும்.

பயிற்சி

1. முதன்மை நினைவகத்தையும் துணைச் சேமிப்பகத்தையும் மேசையோடும் அலமாரியோடும் ஒப்பிட்டு விளக்குக.

2. நிரல் எழுதுவோர் தாமே பக்கங்களை ஏற்றி இறக்கிய காலத்தில் அடைந்த இடர்கள் யாவை?

3. வீணலைச்சல் என்பது யாது? அதற்கு டென்னிங் கண்ட மருந்து யாது?

4. சேயர் தம் முடிவிற்கு இட்ட இரு வரம்புகள் எவை? அவற்றால் விளைந்த நன்மை யாது?

5. பாடத்திலுள்ள வேண்டுகோள் வரிசையையே கொண்டு, 'நெடுநேரம் தொடப்படாத நூல் முன்னே செல்க' என்னும் விதிப்படி, மூன்று நூல் மேசைக்கும் நான்கு நூல் மேசைக்கும் நடைகளைத் தனித்தனியே எண்ணுக. விடையை உம் நண்பர் விடையோடு ஒப்பிடுக. வேறுபடின், எவ்விடத்தில் வேறுபட்டது என்பதை இருவரும் கூடி ஆராய்ந்து காண்க.